கடற்காற்றும் புது மோட்டார் சைக்கிளும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. பாம்பனிலே கரையேறும் மீனை விடியுமுன் ஏற்றிச் செல்லும் வியாபாரிக்கு அதுவே வண்டி. மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக் கல்லூரிக்கு வரும் மாணவனுக்கும், தங்கச்சிமடத்திலிருந்து வேலைக்குப் போகும் தொழிலாளிக்கும் அதுவே துணை. பெரும்பாலோர் அதனைத் தவணை முறையில் வாங்குகிறார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருவாயும் நிற்கும். ஆனால் தவணை நிற்பதில்லை. இரவு நேரத்தில் பாம்பன் பாலத்தின் நடுவே விளக்கு அணைந்துவிட்டாலோ, உயிருக்கே ஆபத்து நேரக்கூடும்.

புதிதாக வாங்கிய வண்டி இரண்டு மாதங்களிலேயே கோளாறு செய்வதாக வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கிறது, இயந்திரம் சுழலவில்லை. அப்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. கோளாறு எங்கே இருக்கிறது என்பது முதல் வினா. அதனைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பது இரண்டாவது வினா. முதலாவது பௌதிக நூலைச் சார்ந்தது. இரண்டாவது சட்ட நூலைச் சார்ந்தது. ஆயினும் இரண்டுக்கும் விடை காணும் வழி ஒன்றுதான். பொறுமையாகப் பார்ப்பது, அளப்பது, கண்டதை எழுதி வைப்பது என்பதே அவ்வழி. இதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் மோட்டார் சைக்கிளின் மின்சார அமைப்பை அறிந்துகொள்வோம். இயந்திரம் ஓடும்போது அதன் தண்டோடு சேர்ந்து காந்தங்கள் சுழல்கின்றன. அக்காந்தங்களின் அருகே அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவமே இது. இவ்வாறு தோன்றும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுவது. அதனை ஒரே திசையில் ஓடச் செய்வதற்கும், அளவு மீறாமல் ஏறத்தாழ 14 வோல்ட் அழுத்தத்தில் நிறுத்துவதற்கும் ஒரு கருவி உண்டு. தொழிற்கூடத்தார் அதனை 'ரெக்டிபயர்' என்றே சுருக்கமாகச் சொல்வர். அங்கிருந்து மின்சாரம் பாட்டரிக்குச் செல்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பாட்டரியே. 1859-இல் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி அமைத்த கலத்தின் வழிவந்தது அது.

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் உருகியைக் கடக்கிறது. பியூஸ் என்று நாம் அழைப்பது அதனைத்தான். பின்னர்ச் சாவிப் பொறியையும் பல கம்பிகளையும் கடந்து விளக்கு, ஹாரன், தீப்பொறிச் சுருள் ஆகியவற்றை அடைகிறது. கம்பிகள் ஒன்றோடொன்று சேருமிடங்களில் பிளாஸ்டிக் கூடுகள் உள்ளன. இவற்றைக் கப்ளர் என்பர். வேலை முடித்த மின்சாரம் பாட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பியாக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் வண்டியின் இரும்புச் சட்டமே வழியாகிறது.

இங்கே ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். காசியிலிருந்து வருபவர் கங்கை நீரை இராமேசுவரத்திற்குக் கொணர்வதும், இராமேசுவரத்து மணலைக் கங்கைக்குக் கொண்டு சேர்ப்பதும் நெடுநாளைய வழக்கம். போன வழி மட்டும் போதாது. திரும்பி வந்தால்தான் யாத்திரை நிறைவுறும். மின்னோட்டமும் அத்தகையதே. போகும் கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பும் வழி கெட்டிருந்தால் ஓட்டம் இல்லை. சட்டத்தோடு கம்பியைப் பிணைக்கும் ஒரு சிறு திருகாணி துருப்பிடித்ததனால் வண்டி முழுவதும் செயலற்றுப் போவதுண்டு.

மின்சாரக் கோளாறுகள் நூறு வகையாகத் தோன்றினாலும் அவற்றை மூன்றில் அடக்கிவிடலாம். வழி அறுந்து போவது ஒன்று. வழியில் தடை மிகுவது மற்றொன்று. மின்காப்பு கெட்டு, மின்சாரம் செல்லக்கூடாத குறுக்கு வழியில் பாய்வது மூன்றாவது. முதல் வகையில் கருவி இயங்கவே இயங்காது. மூன்றாம் வகையில் உருகி எரிந்து வண்டியைக் காக்கும். மக்களை மிகவும் மயங்கவைப்பது இரண்டாம் வகையே. ஏனெனில், அதில் சில கருவிகள் இயங்கும், சில இயங்கா.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். பாட்டரி முனையில் படிந்த களிம்பினால் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு மின்தடை உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். முகப்பு விளக்குக்கு வேண்டிய மின்னோட்டம் ஏறத்தாழ 3 ஆம்பியர். ஓம் விதிப்படி அந்த இடத்தில் இழக்கப்படும் அழுத்தம் 0.15 வோல்ட் மட்டுமே. ஆகவே விளக்கு பளிச்சென்று எரியும். இப்போது தொடக்கி மோட்டாரின் பொத்தானை அழுத்துகிறோம். அது 60 ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை இழுக்க முயல்வதாகக் கொண்டால், அதே இடத்தில் இழக்கப்படுவது 3 வோல்ட். பாட்டரியின் 12 வோல்ட்டில் 9 வோல்ட்டே எஞ்சுகிறது. பளுவைச் சுழற்ற அது போதாது. "விளக்குதான் நன்றாக எரிகிறதே, ஆகவே பாட்டரி வழி சரியாக இருக்கிறது, மோட்டார்தான் பழுது" என்று அவசரமாக முடிவு கட்டுபவர், நல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பத்துப் பைசா கனமும் இல்லாத களிம்பை விட்டுவிடுகிறார். வகுப்பறையில் மனப்பாடம் செய்த ஓம் விதி, கடைத்தெருவில் எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்துகிறது பாருங்கள்!

இந்தக் களிம்பு எங்கிருந்து வருகிறது? இராமேசுவரம் தீவுக்கு வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல். தனுஷ்கோடிப் பக்கத்தார் அமைதியான ஒன்றைப் பெண்கடல் என்றும், சீறும் மற்றதை ஆண்கடல் என்றும் அழைப்பர். எந்தக் கடலிலிருந்து காற்று வீசினாலும் அது உப்புத் துளிகளைச் சுமந்து வருகிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அலை உடையும்போது பறக்கும் நுண்துளிகளில் நீர் உலர்ந்துபோக, உப்பு மட்டும் காற்றில் மிதந்து வந்து பொருள்களின் மேல் படிகிறது.

படிந்த உப்பு வெறுமனே இருப்பதில்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் விளையும் கல்லுப்பை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் அது நீர்த்துப்போவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குகிறது. கடலுப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே, மழையே பெய்யாத நாளிலும் கடற்கரையில் நிறுத்தப்பட்ட வண்டியின் இணைப்புகளில் உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இரு வேறு உலோகங்கள் அதில் நனைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அங்கே மிகச் சிறிய மின்கலம் ஒன்று உண்டாகி, வலிமை குன்றிய உலோகத்தை அரித்துவிடும். செம்புக் கம்பியும் வெள்ளீயப் பூச்சும், அலுமினியமும் எஃகுத் திருகாணியும் அருகருகே இருக்கும் மோட்டார் சைக்கிளில் இத்தகைய இடங்கள் பல. செம்பிலே பச்சை நிறமாகப் பூப்பதும், ஈய முனையில் வெண்மையாகப் படிவதும் இந்த அரிப்பின் அடையாளங்களே.

இவ்வூர்க் காற்றின் கொடுமை அறிஞர்கள் ஆராய்ந்த பொருள். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்கியதனால் எழுந்த நிலையம் அது. உலோகங்கள் கடற்காற்றிலும் கடல்நீரிலும் எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்பதை ஆராய, அதன் கிளை ஒன்று மண்டபம் முகாமில் அமைந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலம், ஓயாத கண்காணிப்பினாலும் வண்ணப் பூச்சினாலும் நூறாண்டுக்கு மேல் நின்றது. 2022 டிசம்பரில் அதன்மேல் இரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பாதுகாப்புப் பூச்சும் இடம்பெற்றன. பெரும் பாலத்துக்கே இவ்வளவு காப்பு தேவைப்படும் காற்றில், மெல்லிய செம்புக் கம்பிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முன்பு வாகனங்கள் இக்காற்றை இவ்வளவு நெருக்கமாகச் சந்தித்ததில்லை. 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகே மோட்டார் வண்டிகள் தாமாகவே ஓடித் தீவுக்குள் வந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால், அரிச்சல்முனை வரை செல்லும் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. இரு புறமும் அலை மோதும் அச்சாலையில் காற்று பலமாக வீசும் நாளில் மோட்டார் சைக்கிளில் சென்று திரும்பினால், வண்டியின்மேல் உப்பும் மணலும் ஒருங்கே படிந்திருக்கும்.

வண்டிகளும் மாறிவிட்டன. முற்காலத்து மோட்டார் சைக்கிளைப் பாட்டரி இல்லாமலே உதைத்துக் கிளப்பிவிடலாம். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் இயந்திரம் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதியினால், பெட்ரோலைச் செலுத்தும் வேலையும் பெரும்பாலும் மின்னணுக் கருவியின் வசமாயிற்று. எனவே உணர்கருவிகள் பெருகின. அவற்றை இணைக்கும் கப்ளர்களும் பெருகின. ஒரு முனையில் படியும் உப்பு இப்போது விளக்கை மட்டுமன்றி, இயந்திரத்தையே நிறுத்த வல்லது.

இனிக் கோளாறு காணும் முறையைப் பார்ப்போம். எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே முறை. முதலில் கைப்பிடியிலுள்ள நிறுத்துப் பொத்தான் தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத் தாங்கி இறங்கியிருந்தால் பல வண்டிகள் கிளம்பா. அதன் உணர்கருவியில் மணல் சிக்கியிருந்தாலும் அதே விளைவுதான். அடுத்து உருகியைப் பாருங்கள். அது எரிந்திருந்தால், அதே அளவுள்ள புதிய உருகியை ஒரு முறை இடலாம். மறுபடியும் எரிந்தால் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது என்று பொருள். அப்போது கம்பித் துண்டையோ சிகரெட்டுப் பெட்டித் தாளையோ உருகிக்குப் பதிலாக வைப்பது, காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். உருகி காத்த கம்பித் தொகுதி அப்போது தானே எரிந்துவிடும்.

மூன்றாவதாகப் பாட்டரியை அளக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு, நன்கு ஏற்றப்பட்ட ஈயப் பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது வெறுமையாகிவிட்டது. இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போது அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அப்போதும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால், கம்பிச்சுருளோ ரெக்டிபயரோ அவற்றின் இணைப்போ பழுது. 15-ஐத் தாண்டினால் கட்டுப்படுத்தும் கருவி பழுது. அது பாட்டரியையும் விளக்குகளையும் விரைவில் கெடுத்துவிடும். பாட்டரியும் மின்னேற்றமும் சரியாக இருந்து, வண்டி மட்டும் கிளம்பாவிட்டால், முனைகளையும் சட்டத்தோடு சேரும் இணைப்பையும் கப்ளர்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியபடி இணைப்பின் இரு பக்கங்களுக்கும் இடையே உள்ள அழுத்தத்தை அளந்தால், முன்னே சொன்ன களிம்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஒரு விதியை மறவாதீர்கள். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். எதிர்முனை இணைந்திருக்கையில் நேர்முனையைத் திருகும் சாவி சட்டத்தில் பட்டால், பாட்டரியின் ஆற்றல் முழுவதும் அச்சாவி வழியே பாய்ந்து நெருப்புப் பொறி பறக்கும்.

ஆனால், உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் நாம் செய்யத்தக்கது பார்ப்பதும் அளப்பதும் மட்டுமே. கப்ளரை உடைப்பதும் கம்பியை வெட்டுவதும் கூடா. ஏனென்பதை இனிக் காண்போம்.

உத்தரவாதம் என்பது விற்பவர் வாங்குபவருக்கு எழுத்தில் தரும் வாக்குறுதி. இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, பொருளிலோ செய்முறையிலோ உள்ள குறையினால் கெட்ட பகுதியைக் கட்டணமின்றிச் சரிசெய்து தருவோம் அல்லது மாற்றித் தருவோம் என்பதே பெரும்பாலும் அதன் சாரம். அதற்கு விலக்குகளும் உண்டு. தேய்ந்து தீரும் பொருள்கள், பல்பு, உருகி ஆகியவை வழக்கமாகச் சேரா. குறித்த காலத்தில் பராமரிப்புக்குக் கொண்டு வராத வண்டி, கூடுதல் விளக்கும் ஹாரனும் பொருத்துவதற்காகக் கம்பி வெட்டப்பட்ட வண்டி, துருவினால் வந்த சேதம் ஆகியவையும் விலக்கப்படுவது வழக்கம். பாட்டரிக்குத் தனி உத்தரவாதம் இருப்பதும் உண்டு. வண்டியோடு தரப்படும் சிறு புத்தகத்தை வாங்கிய அன்றே படிப்பது நல்லது. பலர் அதனைப் படிப்பது கோளாறு வந்த பிறகே.

இப்போது கடற்கரைக்காரருக்கே உரிய சிக்கல் எழுகிறது. "இது உப்புக்காற்றினால் வந்தது, உத்தரவாதத்தில் சேராது" என்று கடைக்காரர் சொல்வார். "வண்டியே மோசம், புதிது கொடுங்கள்" என்று வாங்கியவர் சொல்வார். இருவருள் யார் சொல்வது சரி என்பதைக் குரலின் உயரத்தைக் கொண்டு தீர்மானிக்க இயலாது.

இதனைத் தெளிவாக்க நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி உதவும். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் வழிவந்த ராயல் என்பீல்டு, 2021 மே மாதத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் செய்யப்பட்ட மீட்டியார், கிளாசிக், புல்லட் ஆகிய 350 வகை வண்டிகளில் 2,36,966 வண்டிகளைச் சோதனைக்காகத் திரும்ப அழைப்பதாக அது அறிவித்தது. நிறுவனத்தின் உட்சோதனையில் தீப்பொறிச் சுருளில் ஒரு குறை தெரியவந்ததே காரணம்.

தீப்பொறிச் சுருளில் இரண்டு கம்பிச் சுற்றுகள் உள்ளன. ஒன்றில் சுற்றுகள் குறைவாக இருக்கும். மற்றதில் பல்லாயிரம் சுற்றுகள். முதற் சுற்றில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், இரண்டாவதில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தம் எழுந்து, பிளக்கின் முனையில் தீப்பொறியாகப் பாய்கிறது. சுருளில் குறை இருந்தால் தீப்பொறி தவறும். இயந்திரத்தின் ஆற்றல் குறையும். அரிதாக மின்சாரம் குறுக்கு வழியில் பாயவும் கூடும். நிறுவனம் சொன்ன கேடுகளும் இவையே. அழைக்கப்பட்டவற்றுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே சுருளை மாற்ற வேண்டியிருக்கும் என்று அது மதிப்பிட்டது. குறை கண்ட சுருள்கள் கட்டணமின்றி மாற்றித் தரப்படும் என்பது ஏற்பாடு.

இந்நிகழ்ச்சியிலிருந்து தொழிற்சாலைக் குறையின் இலக்கணத்தை அறியலாம். அது குறிப்பிட்ட காலத்தில் செய்த, குறிப்பிட்ட வகை வண்டிகளில், குறிப்பிட்ட ஓர் உறுப்பில் தோன்றுகிறது. கடலே காணாத தருமபுரியில் ஓடும் வண்டியிலும், பாம்பனில் ஓடும் வண்டியிலும் ஒன்றுபோலத் தோன்றுகிறது. வாங்கிய சில வாரங்களிலேயே தலைகாட்டுவதும் உண்டு. உப்பின் வேலை அவ்வாறன்று. அது மெல்ல வளர்வது. காற்றுக்கு முகம் காட்டும் பல இடங்களில் ஒருங்கே தெரிவது. பச்சை, வெள்ளை, செந்நிறமாகக் கண்ணுக்குப் புலப்படுவது.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. கப்ளரின் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் தொழிற்சாலையிலேயே விடுபட்டுப்போயிருக்கலாம். கம்பி சட்டத்தின் கூர்முனையில் உராயுமாறு கட்டப்பட்டிருக்கலாம். அங்கே உப்புநீர் புகுந்து முனையைக் கெடுத்திருந்தால், அரித்தது உப்பு என்றாலும் வாயிலைத் திறந்து விட்டது செய்முறைக் குறையே. மற்றக் கப்ளர்கள் சுத்தமாக இருக்க, ஒன்று மட்டும் கெட்டிருந்தால் இந்த ஐயம் வலுப்பெறும். இத்தகைய சான்று, கம்பியை நாமே வெட்டி ஒட்டிவிட்டால் அழிந்துபோகும். நோய் தீருமுன் நோயின் அடையாளத்தை அழிக்கக் கூடாது என்று சொன்னது இதற்காகவே. நிழற்படம் எடுத்து வைப்பது மிகவும் பயன்தரும்.

வண்டியைப் பழுதுபார்க்க விடும்போது 'ஜாப் கார்டு' என்னும் வேலைச் சீட்டு எழுதுவார்கள். உத்தரவாத வழக்குகளின் உயிர்நாடி அச்சீட்டே. "எலக்ட்ரிகல் செக்கப்" என்று இரண்டு சொல்லில் எழுதினால் ஏற்காதீர்கள். "காலையில் முதல் முறை கிளப்பும்போது தொடக்கி சுழலவில்லை, விளக்கு எரிகிறது, இம்மாதத்தில் மூன்றாம் முறை" என்று உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். தேதியும், வண்டி ஓடிய கிலோமீட்டரும் இருக்க வேண்டும். வண்டியைத் திரும்பப் பெறும்போது என்ன செய்தார்கள், எந்த உறுப்பை மாற்றினார்கள் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். மாற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. ஒரே கோளாறு மீண்டும் மீண்டும் வந்ததை மெய்ப்பிக்க இச்சீட்டுகளைவிட வலிய சாட்சி வேறில்லை.

கடைக்காரர் செவிசாய்க்காவிட்டால், வண்டி செய்த நிறுவனத்துக்குச் சீட்டுகளின் நகல்களோடு பதிவுத் தபாலில் எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சட்டத்தின் துணை உண்டு. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், இன்ன பொருள் என்று விவரித்து அத்தகைய பொருளையே விற்கும் வணிகர் தருவது, விற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்று அன்றே விதித்தது. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கடற்கரை மக்களுக்கு அதில் ஒரு பெரும் நன்மை உண்டு. பொருளை மதுரையிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். இராமேசுவரத்தில் வாழ்பவர் இராமநாதபுரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகினால் போதும். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

குறையை நீக்கித் தருமாறும், பொருளை மாற்றித் தருமாறும், விலையைத் திருப்பித் தருமாறும், இழப்பீடு வழங்குமாறும் ஆணையிட அந்த மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறையாயின் தகுந்த சோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை பெறவும் சட்டம் வழி செய்கிறது. ஆயினும் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. கார் ஒன்றின் கிளச்சுக் குறை பற்றி மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பைக் காட்டியது. கெட்ட உறுப்பைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்பதே உத்தரவாதமாக இருக்கையில், வண்டி முழுவதையும் மாற்றித் தருமாறு ஆணையிட்டது பொருந்தாது என்பது அதன் தீர்ப்பு. ஆகவே, ஒரு கப்ளர் கெட்டதற்குப் புது வண்டி கேட்பதைவிட, அக்கப்ளரின் குறையைச் சான்றோடு நிறுவுவதே பயன் தரும்.

உரிமையைப் பேசும் நாம் கடமையையும் பேச வேண்டும். கடற்கரையில் ஓடிய வண்டியை அன்றே நல்ல நீரால் மெல்லக் கழுவித் துடையுங்கள். உப்பு நீரில் கரைவது. ஆகவே இதுவே மிக மலிவான மருந்து. பீய்ச்சி அடிக்கும் நீரைக் கப்ளர்களின் மேலும் சாவித் துளையிலும் செலுத்தாதீர்கள். அது உப்பைக் கழுவுவதற்கு மாறாக உள்ளே தள்ளிவிடும். பாட்டரி முனைகளில் சிறிது வாசலைன் தடவினால் காற்றும் ஈரமும் அணுகா. கடலை நோக்கிய திறந்த வெளியில் இரவு முழுவதும் நிறுத்தாமல், சுவரின் மறைவில் நிறுத்துங்கள். பராமரிப்பு நாள்களைத் தவறவிடாதீர்கள். இவற்றைச் செய்தவர் வண்டியைக் காப்பதோடு, தம் வழக்கையும் காத்துக்கொள்கிறார். "பராமரிக்கவில்லை" என்று அவரை நோக்கி யாரும் சொல்ல இயலாது.

மாணவர்களே, பள்ளிச் சோதனைக் கூடத்தில் வோல்ட்மானியைப் படித்து அட்டவணை எழுதுகிறீர்கள். அந்தப் பழக்கத்தை உங்கள் வீட்டு வண்டிக்கும் கொண்டு வாருங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் மாதத்துக்கு ஒரு முறை பாட்டரியின் அளவையும், ஓடிய தூரத்தையும், கண்ட கோளாற்றையும் எழுதி வையுங்கள். எழுத்தறியாத தந்தை தவணை கட்டி வாங்கிய வண்டியாக இருந்தால், அந்தக் குறிப்பேடு அவருக்குச் செய்யும் பெரும் உதவியாகும். பழுதுபார்ப்பவர் அதைக் கண்டு கோளாற்றை விரைவில் காண்பார். தேவையானால் ஆணையமும் அதைக் கண்டு உண்மையை அறியும்.